படம் கிடைத்தது, குரைப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேசும்படத் தொடக்க காலத்தில் நாய் ஒன்று கதாநாயகனாக நடித்த அமெரிக்கப் படத்தின் சுருள்கள் அகப்பட்டிருப்பதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தோம். லேப்களிலும் தியேட்டர் ஆபரேட்டர் அறைகளிலும் பிலிமைக் கையாண்டு பழகியவர்கள் நாங்கள். செய்தி மகிழ்ச்சி தந்தது. அதில் இருந்த இரண்டு வரிகள் மட்டும் எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தன. சுருளில் ஒலித்தடம் (பிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்த பட்டை) இல்லாததால் இது மௌனப் படமாகவே இருக்கும் என்பது ஒரு வரி. வீட்டில் பழைய பிலிம் வைத்திருப்பவர்கள் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தெரிவிக்கலாம் என்பது இன்னொரு வரி. முதலாவது அவசர முடிவு. இரண்டாவதைக் கேட்டு யாராவது சென்னை வெயிலில் ஒரு டப்பாவைத் திறந்து ஓட்டினால் படமும் போகும், ஆளுக்கும் ஆபத்து. இரண்டையும் விளக்க இடம் தாருங்கள்.

முதலில் ஒலி. 1926-ல் வார்னர் நிறுவனம் கொண்டுவந்த வைட்டாஃபோன் முறையில் ஒலி பிலிமில் பதியவில்லை. தனித் தட்டில் பதிந்தது. 16 அங்குல அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வீட்டு கிராமபோன் தட்டுபோல வெளி ஓரத்தில் தொடங்காமல், நடுவில் லேபிளை ஒட்டித் தொடங்கி வெளியே போகும். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. 1,000 அடி ரீல் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 90 அடியாக, ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். தட்டும் அந்த அளவுக்கே பதிவானது. பிலிமின் தொடக்கத்தில் ஒரு பிரேமில் ஸ்டார்ட் குறி இருக்கும். தட்டில் அம்புக்குறி இருக்கும். ஆபரேட்டர் அந்தப் பிரேமை புரொஜெக்டரின் கேட்டில், அதாவது வெளிச்சம் பாயும் சன்னலில், நிறுத்தி, ஊசியை அம்புக்குறியில் வைத்து, ஒரே மோட்டாரில் இரண்டையும் ஓட்டுவார். லேபிளிலேயே சின்னச் சின்னக் கட்டங்கள் அச்சிட்டிருக்கும். ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். 20 ஓட்டத்துக்குள் தட்டு தேய்ந்துவிடும், புதுத் தட்டு வாங்க வேண்டும்.

ஆகவே 1928 முதல் 1930 வரையிலான ஒரு சுருளில் ஒலித்தடம் இல்லை என்பதால் மட்டும் அது மௌனப் படம் ஆகிவிடாது. மூன்று வகை உண்டு. உண்மையிலேயே மௌனப் படமாக எடுத்தது ஒன்று. பேசும்படமாக எடுத்துவிட்டு, ஒலிக் கருவி இல்லாத தியேட்டர்களுக்காக வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகள் சேர்த்து வெளியிட்ட மௌனப் பதிப்பு இன்னொன்று. மூன்றாவது, தட்டோடு சேர்ந்து ஓட வேண்டிய படம். தட்டு எங்கோ போய்விட, படம் மட்டும் மிஞ்சியிருப்பது. பிரித்தறிவது கடினமில்லை. ஆள்கள் நீளமாக வாயசைத்துப் பேசியும் எழுத்து அட்டையே வரவில்லை என்றால் அது மூன்றாவது வகை. பேச்சுக்குப் பேச்சு அட்டை வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று; இசையும் சத்தமும் மட்டும் தட்டில் பதிந்த படமாகவும் இருக்கலாம். சில காட்சிகளில் அட்டை, சில காட்சிகளில் வெறும் வாயசைப்பு என்று மாறி மாறி வந்தால் அது பாதி பேசும்படம். 1928, 1929-ல் வந்த நாய்ப் படங்களில் இது சகஜம். ரீலின் தலைப்பகுதியில் ஸ்டார்ட் குறி இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த சோதனை. தலைப்பகுதிதான் முதலில் கிழிவது என்பதால் குறி இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. இருந்தால் மட்டும் அது சான்று.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் வேலை முழுவதும் வீணாகும். மௌனப் பதிப்பு பெரும்பாலும் வேறு நெகட்டிவிலிருந்து, வேறு விதமாக வெட்டித் தொகுக்கப்பட்டது. அதற்கு அசல் படத்தின் தட்டைக் கொண்டுவந்து எவ்வளவு இழுத்துப் பொருத்தினாலும் பொருந்தாது. மறுபக்கம், தட்டுப் படத்தை மௌனப் படம் என்று நினைத்து நொடிக்கு 18 பிரேமில் டிஜிட்டலாக மாற்றிவிட்டால் நாய் தண்ணீருக்குள் ஓடுவதுபோல மெதுவாக ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்காக 25 பிரேமில் ஓட்டினால் 4 சதவீதம் வேகம் கூடி, குரைப்பின் சுருதி ஏறிவிடும். 24 தான் அளவு.

படத்தின் அகலத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலித்தடம் இல்லாத 35 மி.மீ. பிலிமில் பிம்பம் ஒரு ஓரத்துத் துளை வரிசை முதல் மறு ஓரத்துத் துளை வரிசை வரை நிறைந்திருக்கும், ஏறக்குறைய 24.9 மி.மீ. அகலம். பிலிமிலேயே ஒலி பதியத் தொடங்கியபோது இடப்பக்கம் சுமார் 2.5 மி.மீ. தடத்துக்குப் போயிற்று. 1932-ல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி வகுத்த அளவில் பிம்பத்தின் அகலம் ஏறக்குறைய 22 மி.மீ. ஆகச் சுருங்கியது. இன்றைய ஸ்கேனரில் அகாடமி மாஸ்க் (அந்த அளவுக்கு வெளியே இருப்பதை மறைக்கும் சட்டம்) போட்டுத் தட்டுப் படத்தை ஏற்றினால் இடப்பக்கத்துப் பிம்பம் வெட்டுப்படும். பின்னாளில் இப்படங்களுக்குத் தடம் சேர்த்துப் போட்ட பிரதிகளிலும் இதே குறைதான்: ஆள் நடுவில் நிற்க, இடது ஓரத்தில் நின்ற நாய்க்குத் தலை இருக்காது. அதனால் ஸ்கேன் செய்யும்போது துளைகளும் ஓரத்து எழுத்துகளும் தெரியும்படி முழு அகலத்தையும் எடுத்து வைத்துவிட வேண்டும். மாஸ்க் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

நாய்ப் படங்கள் ஒலிக்கு மாறியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டில் எதைத் தேடுவது என்பது அதில் இருக்கிறது. மௌனக் காலத்தில் பயிற்சியாளர் கேமராவுக்குப் பின்னால் நின்று உரக்கக் கட்டளை கொடுப்பார். "உட்கார்", "தாவு", "கதவைத் தள்ளு" என்று காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தலாம், கேட்க மைக் இல்லை. ஒலி வந்ததும் அந்தக் குரல் அடைக்கப்பட்டது. கையசைவுக்குப் பழக்க வேண்டியதாயிற்று. கையசைவைப் பார்க்க நாய் பயிற்சியாளர் பக்கமே கண்ணை வைத்திருக்கும். பேசும் நடிகரைப் பார்க்க வேண்டிய காட்சியில் நாயின் பார்வை படச்சட்டத்துக்கு வெளியே போவதை இந்தக் காலத்துப் படங்களில் கவனிக்கலாம். இதற்குமேல் கேமரா வேறு, அதன் இரைச்சல் மைக்கில் விழாதபடி கண்ணாடி போட்ட அறைக்குள் அடைபட்டிருந்தது. மலையிலும் பனியிலும் ஓடிய நாய், நான்கு சுவருக்குள் மைக் மறைத்துவைத்த மேசைக்கருகே உட்கார வேண்டியதாயிற்று. ஒலியை முதலில் மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிந்ததால் நடுவில் வெட்டி ஒட்டவும் வழியில்லை. நாய் தவறான இடத்தில் குரைத்தால் அந்தக் காட்சி முழுவதும் மறுபடி.

1918 செப்டம்பரில் பிரான்சின் ஃப்ளிரே அருகே குட்டியாகக் கிடைத்து, லீ டங்கன் என்ற படைவீரரால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ரின் டின் டின் இந்த மாற்றத்தின் நடுவில் அகப்பட்ட நட்சத்திரம். 1923 முதல் வார்னருக்குப் பணம் கொட்டிய அந்த நாயை, பேசும்படம் வேரூன்றியதும் நிறுவனம் கைவிட்டது. பிறகு வேறொரு நிறுவனத்தின் தொடர்படங்களில் நடித்து, 1932 ஆகஸ்ட் 10 அன்று இறந்தது. அதற்கு முன்னோடியான ஸ்ட்ராங்ஹார்ட் 1929-லேயே போய்விட்டது. இந்த இரண்டு பெயர்களும் பிரபலம் என்பதால் ஒரு தொல்லை: அல்சேஷன் நாய் வரும் எந்தப் பழைய துண்டு கிடைத்தாலும் "ரின் டின் டின் படம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்கு ஒரு அல்சேஷன் இருந்தது; ஃப்ளாஷ், ரேஞ்சர் என்று பல பெயர்கள். பெயர் பெற்ற நாய்களுக்கும் ஆபத்தான காட்சியில் மாற்று நாய்கள் உண்டு. பெயர் அட்டை இல்லாத துண்டில் நாயின் முகத்தைக் கொண்டு படத்தைத் தீர்மானிக்காதீர்கள். உடன் நடித்த மனிதர்களின் முகம், எழுத்து அட்டையின் ஓர வேலைப்பாடு, பிலிம் ஓரத்துக் குறி, ரீலின் அடிக்கணக்கு ஆகிய நான்கும் ஒன்றையே காட்டினால் நம்பலாம்.

இனி, படமும் தட்டும் இரண்டும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொருத்துவது எப்படி? நாய்ப் படத்தில் இது மற்றப் படங்களைவிடச் சுலபம் என்பது எங்கள் அனுபவ மதிப்பீடு. மனிதப் பேச்சு இழுவையானது, எந்தப் பிரேமில் தொடங்கியது என்று விரல் வைக்க முடியாது. குரைப்பு வெட்டென்று தொடங்கி வெட்டென்று நிற்கும். வாயும் தெளிவாகத் திறக்கும். கிளாப் பலகை போலவே அது பயன்படும். கூடவே துப்பாக்கிச் சத்தம், கதவு அறைவது. ஒரு ரீலுக்கு இப்படி ஏழெட்டு இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒலி எத்தனை பிரேம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதினால் பிழை எங்கே என்று கணக்கே சொல்லிவிடும். இரண்டு மூன்று பிரேம் கழன்றால் அந்த இடத்தில் பிலிம் அறுந்து ஒட்டப்பட்டிருக்கிறது, பிரேம் போயிருக்கிறது என்று பொருள். திடீரென்று 43 பிரேம் அளவுக்குத் தாவினால் குற்றம் பிலிமில் இல்லை, தட்டில். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி, அதாவது 43.2 பிரேம். ஊசி ஒரு பள்ளம் தாண்டிவிட்டது. இதை அறியாமல் பிலிமில் கருப்புப் பிரேம் சேர்த்துச் சரிக்கட்டியவர்கள் அடுத்த ரீலுக்குள் எல்லாவற்றையும் குழப்பியிருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று: எல்லாக் குரைப்பையும் நம்ப வேண்டாம். பின்னணியில் தூரத்தில் கேட்கும் குரைப்பு வாயசைவோடு சம்பந்தமில்லாதது. முகம் தெரியும் நெருக்கக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருப்புப் பிரேம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறோம். தட்டுப் படம் அறுந்தால் எத்தனை பிரேம் போயிற்றோ அத்தனை கருப்புப் பிரேமை இடையில் ஒட்டுவது அந்தக் கால ஆபரேட்டரின் கடமை. இல்லாவிட்டால் ரீலின் மிச்சம் முழுவதும் உதடும் குரலும் பிரிந்து நிற்கும். இன்று அந்தப் பிரதி கையில் வரும்போது நடுவில் ஏழு கருப்புப் பிரேம், பன்னிரண்டு கருப்புப் பிரேம் என்று கண்டால் அழுக்கு என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். இந்த இடத்தில் சரியாக ஏழு பிரேம் போயிருக்கிறது என்று தொண்ணூறு ஆண்டுக்கு முன் ஒருவர் எழுதி வைத்த சீட்டு அது. அது இருக்கும்வரை தட்டு பொருந்தும்.

தட்டும் படமும் வேறு வேறு கண்டத்தில் கிடைப்பது புதுமையில்லை. இரண்டையும் சேர்த்துவைப்பதற்கென்றே வைட்டாஃபோன் புராஜெக்ட் என்ற ஆர்வலர் குழு 1991 முதல் இயங்கிவருகிறது. படம் ஒரு காப்பகத்தில் இருக்கும், தட்டு ஒரு தட்டுச் சேகரிப்பாளர் வீட்டில் இருக்கும். சென்னையில் பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்கள் நிறைய. உங்கள் அடுக்கில் 16 அங்குலத் தட்டு இருந்தால், நடுவிலிருந்து தொடங்கச் சொல்லும் அம்புக்குறி இருந்தால், லேபிளில் ரீல் எண்ணும் கட்டங்களும் இருந்தால், அது பாட்டுத் தட்டு அல்ல. பழைய கிராமபோனில் எஃகு ஊசி போட்டுச் சோதிக்காதீர்கள். ஓட்டும் ஒவ்வொரு முறையும் பள்ளம் தேயும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பூஞ்சை இருந்தால் மிருதுவான காய்ந்த தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தட்டிவிடுங்கள். நிறுத்தி வையுங்கள், சாய்க்காமல். படுக்கப்போட்டு அடுக்கினால் கீழ்த்தட்டு விரிசல் விடும், சாய்த்துவைத்தால் வெயில் காலத்தில் வளையும்.

இப்போது இரண்டாவது வரிக்கு வருகிறோம். 1950-களின் தொடக்கம் வரை தியேட்டரில் ஓடிய 35 மி.மீ. பிலிம் அநேகமாக நைட்ரேட். வெடிபஞ்சின் இனத்தைச் சேர்ந்தது. எரியத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். மணல் கொட்டினாலும் எரியும். சுடரைவிடப் புகை கொடியது. 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் நைட்ரேட் எக்ஸ்ரே பிலிம்கள் பற்றியபோது 123 பேர் இறந்தனர், பெரும்பாலோர் நச்சுப் புகையால். நம் நாட்டிலும் 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. நல்ல நிலையில் இருக்கும் நைட்ரேட் தானாகப் பற்றாது. சிதையத் தொடங்கியது மட்டும் சுமார் 41 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து இருந்தாலே பற்றக்கூடியது. கத்திரி வெயிலில் சென்னை எத்தனை டிகிரி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் பரணில் வெப்பம் வெளியே இருப்பதைவிடவும் கூடும். பழைய டப்பாக்களை நாம் வைத்திருக்கும் இடமோ பெரும்பாலும் அந்தப் பரண்தான்.

ஆகவே பரணில் டப்பா கண்டால் முதல் வேலை அதை இறக்குவது. கோடையில் என்றால் விடியற்காலையில் இறக்குங்கள். குலுக்க வேண்டாம், மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம்; உலோகம் உரசித் தீப்பொறி வரலாம். தரைத்தளத்தில், காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில், பூஜை அறைக்கும் சமையலறைக்கும் இன்வெர்ட்டருக்கும் தள்ளி வையுங்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு, பென்சில் எழுத்து, பெட்டியில் அடித்த முத்திரை எல்லாவற்றையும் முதலில் செல்போனில் படம் எடுங்கள். பிறகு நிழலான திறந்தவெளியில், ரப்பர் கையுறை மாட்டி, முகத்தை நேர்மேலே நீட்டாமல் மெதுவாகத் திறக்க வேண்டும். இரண்டு நிமிடம் காற்றாட விடுங்கள்.

வாசனையே பாதி சொல்லும். நைட்ரேட்டில் கற்பூரம் சேர்த்திருப்பதால் நல்ல நிலையில் உள்ள சுருளில் மெல்லிய கற்பூர வாசம் வரும். மூக்கைத் துளைக்கும் காரமான அமில நெடி என்றால் சிதைந்துகொண்டிருக்கிறது. காடி வாசம் வந்தால் அது அசிடேட், அதாவது சேஃப்டி எனப்படும் எளிதில் தீப்பற்றாத பிலிம். தீப்பற்றும் அச்சம் இல்லை, ஆனால் அதுவும் நோய், பக்கத்தில் இருக்கும் நல்ல அசிடேட் சுருளுக்கும் பரவும், பிரித்து வையுங்கள். ஓரத்தில் நைட்ரேட் என்றோ சேஃப்டி என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இரண்டுமே ஒரே பிலிமில் தெரிந்தால் குழம்ப வேண்டாம்: நைட்ரேட் மூலத்திலிருந்து சேஃப்டி பிலிமில் பிரதி எடுக்கும்போது மூலத்தின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்டதை நைட்ரேட் என்றே பாவித்துத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக் குறிகள் உண்டு. அவை 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. 1929-க்கும் 1949-க்கும் ஒரே குறி. தவிர, அது பிலிம் தயாரான ஆண்டு. படம் எடுத்த ஆண்டு அல்ல. 16 மி.மீ., 9.5 மி.மீ. பிலிம் என்றால் நிம்மதி, அவை தொடக்கத்திலிருந்தே தீப்பற்றாத வகை. பணக்கார வீடுகளில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிய நாய்ப் படச் சுருக்கங்கள் பல இந்த அளவுகளில்தான் உலகெங்கும் பிழைத்திருக்கின்றன.

ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது.

சுருள் விரித்துப் பார்க்கும் நிலையில் இருக்கிறதா என்பதற்கு ஒரு எளிய அளவு. 35 மி.மீ. புதுப் பிரதியில் இரண்டு துளைக்கு இடையே 4.75 மி.மீ. ஆக 100 துளைக்கு 475 மி.மீ. பழைய பிலிமில் தளர்வாக வெளியே வந்திருக்கும் முனையில் 100 துளை எண்ணி, ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 470-க்கு அருகே வந்தால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. ஒரு சதவீதச் சுருக்கத்தில் 100 துளைக்கு ஒரு துளை பிசகும். ஸ்ப்ராக்கெட் எனும் பிலிமை இழுக்கும் சக்கரத்தின் பல் துளையில் உட்காராமல் ஓரத்தைக் கடித்துக் கிழிக்கும். இதனால்தான் ஓட்டிப் பார்க்காதீர்கள் என்கிறோம். பழைய புரொஜெக்டரின் ஆர்க் விளக்கு முன்னால் பல் சிக்கி ஒரு பிரேம் நின்றால் அடுத்த நொடி தீ. அளக்க முனை வெளியே வராவிட்டால் இழுக்க வேண்டாம். ஒட்டிக்கொண்ட சுற்றைப் பிரித்தால் எமல்ஷன், அதாவது பிம்பம் பதிந்த பூச்சு, பக்கத்துச் சுற்றோடு போய்விடும், கண்ணாடிபோன்ற வெற்றுப் பட்டைதான் கையில் மிஞ்சும்.

நைட்ரேட் சிதைவு படிப்படியானது. முதலில் பிம்பம் மங்கிப் பழுப்பு ஏறும். அடுத்து எமல்ஷன் பிசுபிசுக்கும். பிறகு தேன் நிறக் கொப்புளங்கள். அதன்பின் சுருள் முழுவதும் ஒரே கட்டி. கடைசியில் பழுப்புப் பொடி, துருவேறிய டப்பாவோடு கலந்து. முதல் இரண்டு கட்டத்தில் இருப்பதை நல்ல லேபில் முழுதாகக் காப்பாற்றலாம். மூன்றாவதில் சில நூறு அடி தேறும். ஒரே ரீலில் வெளிச்சுற்று மூன்றாம் கட்டத்திலும் உள்சுற்று முதல் கட்டத்திலும் இருப்பது சாதாரணம். ஆகவே மேலே கெட்டிருக்கிறது என்று முழு ரீலையும் எறிந்துவிடாதீர்கள். பொடியானதும் கட்டியானதும் தீயணைப்புத் துறையின் ஆலோசனைப்படி அகற்ற வேண்டியவை. குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரி எரியும்.

டப்பாவை இறுக மூடி டேப் சுற்றுவது, பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டுவது, இரண்டும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. பிலிமிலிருந்து கசியும் வாயு வெளியேற வேண்டும். உள்ளே தங்கினால் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி மிச்சத்தையும் தின்னும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்குக் குறையாதது. காப்பகங்கள் கேட்பது 30 முதல் 50 வரை. வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஈரம் வியர்க்கும், உள்ளே மின்பொறியும் உண்டு.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த நகரம் எத்தனை வீட்டு அலமாரிகளை இழந்தது என்பது எல்லாரும் அறிந்தது. பிலிம் நனைந்துவிட்டால் வெயிலில் விரித்து உலர்த்தக் கூடாது. உலரும்போது எமல்ஷன் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். சேறு இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமான குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் வாளியில் சுருளை மூழ்கவைத்து, அப்படியே ஓரிரு நாளுக்குள் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கழுவி, உலர்த்தும் இயந்திரத்தில் ஓட்டியபடி உலர்த்துவார்கள்.

அமெரிக்க நாய்ப் படத்துக்குச் சென்னையில் என்ன இவ்வளவு அக்கறை என்று சிலர் கேட்கலாம். பிரதி ஊர் ஊராகப் போய்க் கடைசி ஊரில் தங்கிவிடுவது படவிநியோகத்தின் இயல்பு. திருப்பி அனுப்பும் செலவுக்கு அது தகாது. அப்படித் தங்கிய பிரதிகளால்தான் பல படங்கள் பிழைத்தன. கனடாவின் டாசன் நகரில் 1978-ல் மண்ணுக்கடியில் 500-க்கு மேற்பட்ட ரீல்கள் கிடைத்தன. ரின் டின் டின் நடித்த 1925-ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் பிரதி தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. மதராஸும் அத்தகைய கடைசி ஊர்களில் ஒன்று. எல்பின்ஸ்டன், கெயிட்டி, வெலிங்டன் என்று மவுண்ட் ரோடு முழுக்க அமெரிக்கப் படம் ஓடிய காலம் அது. இந்தியாவில் ஓடுபவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் படமே என்று, நம் ஊர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையிலான திரைப்படக் குழு 1928-லேயே பதிவு செய்தது. அவற்றின் மிச்சம் இங்கே எங்காவது இருக்க வேண்டும். வெள்ளிக்காக உருக்கியும், காயலான் கடையில் எடைக்குப் போட்டும் நாம் அழித்தது எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை. 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்ட முதல் தமிழ்ப் பேசும்படத்துக்கே ஒரு பிரதி இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் மிஞ்சிய ஒன்று, பதிப்புரிமை வழக்கில் முடங்கித் திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றிடம் கிடந்ததால் பிழைத்து, 1974-ல் புனே காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாய்ப் படத்தைத் தேடும் கண்ணுக்கு நம் படமும் அகப்படும். டப்பாவை மூடியோடு பார்த்தால் எது எந்தப் படம் என்று யாருக்குத் தெரியும்?

தமிழக அரசுக்கு ஒரு கோரிக்கை. நைட்ரேட் பிலிம் ஆபத்தான சரக்குப் பட்டியலில் 4.1 வகுப்பில், 1324 என்ற ஐ.நா. எண்ணில் வருவது. தபாலிலோ கூரியரிலோ பேருந்திலோ ரயிலிலோ சாதாரணப் பார்சலாக அனுப்பக் கூடாது. புனேக்கு அனுப்புங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் பரணில் ஒரு டப்பா வைத்திருக்கும் மயிலாப்பூர்க்காரரால் எதுவும் செய்ய முடியாது. பயத்தில் தூக்கி எறிவார். சென்னையிலேயே ஒரு பெறும் இடம் வேண்டும். தரமணித் திரைப்படக் கல்லூரி வளாகம் பொருத்தமானது. தனிக் கட்டடம், 4 டிகிரி குளிர், காற்றுப்போக்கி, ஒவ்வொரு அறைக்கும் வெடிப்பு வெளியேறும் கூரை, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம். இதற்கான கைத்திறன் இந்த ஊரில் இருக்கிறது. சாலிகிராமத்தில் உலகப் படங்களையே பழுதுபார்க்கும் லேப் இருக்கிறது. பழைய லேப் தொழிலாளர்களில் ரிவைண்டர் முன்னால் உட்கார்ந்து கிழிந்த துளையைத் தைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓயுமுன் இளையவர்களுக்கு அது போக வேண்டும்.

அதுவரை டப்பா வைத்திருப்பவர்கள் ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதி டப்பாவோடு வையுங்கள்: எந்த வீட்டில், எந்த இடத்தில், எந்த மாதம் கிடைத்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது, டப்பாவின் மேல் இருந்த எழுத்து அப்படியே, பிலிமின் அகலம், வாசனை, 100 துளையின் அளவு. பக்கத்தில் பெரிய தட்டு ஏதேனும் இருந்தால் அதை வேறு அலமாரிக்கு மாற்றினாலும், இந்த டப்பாவோடு இருந்த தட்டு என்று இரண்டிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். பேனா வேண்டாம், மை ஈரத்தில் ஊறும்.

இங்ஙனம்,
பழைய லேப் தொழிலாளர்களும் ஆபரேட்டர்களும் சிலர்,
கோடம்பாக்கம், சென்னை.